பாசிட்டிவ் வந்த பிறகு

ஐயா,

தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ‘எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்’ என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு வாரம் கீழாநெல்லி குடித்தார். கண் மஞ்சளாகவில்லை, சரி என்று சீட்டை பீரோவில் வைத்துவிட்டார். எனக்கு மனது பதறுகிறது. ஆறு மாதத்துக்கு மேலும் அந்தப் பரிசோதனை பாசிட்டிவாகவே இருந்தால் ஹெபடைடிஸ் பி நாள்பட்டதாகிவிட்டது. அப்புறம் மருந்து வேண்டுமா என்பதை, வைரஸின் அளவைக் காட்டும் டிஎன்ஏ பரிசோதனையும் கல்லீரல் என்சைம் அளவும் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். ஹெபடைடிஸ் சி என்றால், குணமான பிறகும் ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்) பரிசோதனை பாசிட்டிவ் என்றே வரும். அதனால் வைரஸ் இன்னும் இருக்கிறதா என்று அறிய ஆர்என்ஏ பரிசோதனை பார்க்க வேண்டும்.

2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இதை இங்குள்ள மாநகராட்சி மருத்துவமனைகளில் தமிழிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

– வாசகர், தாராவி, மும்பை