புழுவெட்டில் புழு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தலையில் வட்டமாக முடி உதிர்வதைப் புழுவெட்டு என்கிறோம். பெயரில் புழு இருப்பதால் ஏதோ பூச்சி அரிக்கிறது, அது அடுத்தவருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தியின் பின்னந்தலையில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு முடி உதிர்ந்தபோது, வகுப்பில் அவளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். தலையில் வரும் படர்தாமரை தொற்றும் என்பது உண்மை. ஆனால் அதில் தோல் செதில் செதிலாக உரியும், புழுவெட்டிலோ வழவழவென்றிருக்கும்.

இங்கே முடியைத் தாக்குபவை, உடலைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள். வளரும் முடியின் வேர்ப்பகுதி, தன் அடையாளப் புரதங்களை ஒடுக்கிக்கொண்டு நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாமல் இருப்பது இயல்பு. அந்த மறைப்பு குலைந்தால் சிடி8 வகை டி செல்கள் அங்கே குவிகின்றன. அவை வெளியிடும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் பொருள், மயிர்க்கால் செல்களை ஐஎல்-15 என்ற புரதத்தைச் சுரக்கத் தூண்ட, அந்தப் புரதமோ டி செல்களை மேலும் உசுப்பிவிடுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் மயிர்க்காலைச் சுற்றித் தேனீக்கள் மொய்ப்பதுபோல் அவை தெரியும். தொடக்கத்தில் கருமுடியை மட்டும் தாக்கி நரைமுடியை விட்டுவிடுவதும் உண்டு (என் தலைக்கு அந்த வகையில் கவலையில்லை).

முடியை மீண்டும் முளைக்கச் செய்யும் குருத்தணுக்கள் மயிர்க்காலின் மேற்பகுதியில் இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. எனவே சிறிய வட்டங்களில் பலருக்கு ஓராண்டுக்குள் முடி தானாகவே வளர்ந்துவிடும்; அந்தப் பெருமை தேய்த்த சின்ன வெங்காயத்துக்குப் போய்விடுகிறது. பூண்டை அரைத்துக் கட்டித் தோலைப் புண்ணாக்கிக்கொள்வோரும் இருக்கிறார்கள்.

2014-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலா கிறிஸ்டியானோ குழுவினர், மேற்சொன்ன தூண்டுதல் சங்கிலியை, செல்லுக்குள் அந்தச் சமிக்ஞைகளைக் கடத்தும் ஜாக் நொதிகளை முடக்கும் ‘ஜாக் தடுப்பான்’ மருந்துகளால் அறுக்கலாம் என்று காட்டினர். அவ்வகையைச் சேர்ந்த பாரிசிட்டினிப், கடுமையான பாதிப்புள்ள பெரியவர்களுக்காக 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நிறுத்தினால் முடி மீண்டும் உதிரக்கூடும், நோய்த்தொற்று அபாயமும் உண்டு என்பதால், நாணய அளவு வட்டத்துக்கு அதைத் தேடி ஓட வேண்டியதில்லை.

வழக்கில் ஊறிவிட்ட பெயரை மாற்றச் சொல்லவில்லை. தங்கள் மருத்துவப் பக்கத்தில் புழுவெட்டு என்று அச்சிடும்போதெல்லாம், பக்கத்திலேயே ‘தொற்றாது’ என்ற ஒரு சொல்லையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கும்பகோணம்