சாமிகள் சண்டை போட்ட மலை

அன்புள்ள மாப்ளே,

கண்புரை அறுவை முடிந்து கட்டு பிரித்தாகிவிட்டது என்று தங்கச்சி போனில் சொன்னாள். அதனால்தான் இதைக் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். வாசிக்கச் சிரமமாக இருந்தால் பேத்தியிடம் கொடு, நீ கண்ணை இடுக்கிக்கொண்டு உட்காராதே. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு.

இங்கே நானும் அவளும் சௌக்கியம். மகன் வீட்டில் சும்மா இருந்து இருந்து காலே மரத்துப் போகிறது என்று நான் புலம்பியதில், போன வாரம் காரில் கிரேட்டர் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் தென்பகுதியில் இருக்கிறது. ஜூலை மாதம், ஆனாலும் மர நிழலில் பனி அழுக்காகக் குவிந்து கிடந்தது.

மேட்டில் ஏறி எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பேனாவுக்கு ஊற்றுவோமே பிரில் மை, அந்த நீலம். ஆறு ஒன்றும் உள்ளே வருவதில்லை, வெளியே போவதும் இல்லை. மழையும் பனியும் மட்டும்தான். அதனால் வண்டல் இல்லாத தண்ணீர். ஆழம் 594 மீட்டர், அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி. 1886இல் படகை மேலிருந்து இறக்கி, பியானோக் கம்பியில் ஈயம் கட்டி அளந்தார்களாம். அப்போது கிடைத்த கணக்கு 608 மீட்டர். கம்பிக்கணக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்திருக்கிறதே என்று கணக்கு வாத்தியாரான எனக்கு அதில்தான் முதலில் மனசு நின்றது.

ஏரி என்கிறோம், உண்மையில் அது ஒரு மலை இருந்த இடம். மசாமா என்று பெயர். சுமார் 12,000 அடி உயரம் இருந்த எரிமலை. ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன் வெடித்து, வயிற்றில் இருந்ததையெல்லாம் கக்கி, கடைசியில் தாங்குவதற்கு எதுவும் இல்லாமல் தனக்குள்ளேயே இடிந்து விழுந்துவிட்டது. அந்தச் சாம்பல் கிரீன்லாந்துப் பனிக்கட்டிக்குள்கூட அகப்பட்டிருக்கிறது.

இது விஞ்ஞானிகள் சொல்வது. அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான கிளாமத் மக்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். பாதாளத்துத் தலைவன் லாவோ அந்த மலையின் வாய் வழியாக வெளியே வருவானாம். ஊர்த்தலைவர் மகளைக் கேட்டான், அவள் மாட்டேன் என்றாள். சாகாவரம் தருகிறேன் என்றும் ஆசை காட்டிப் பார்த்தான், மசியவில்லை. கோபத்தில் நெருப்பைக் கொட்டினான். மேலுலகத் தலைவன் ஸ்கெல் ஜனங்களுக்காக இறங்கி வந்து, தெற்கே கலிபோர்னியாவில் இருக்கும் சாஸ்தா மலை உச்சியில் நின்றான். இரண்டு பேரும் பழுக்கக் காய்ந்த பாறைகளை ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். (ஆமாம், சாஸ்தாவேதான்! நம் குலசாமிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் பெயரைக் கேட்டதும் என் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விட்டது. பேத்தி சிரித்தாள்.)

ஜனங்கள் ஓடிப்போய்த் தண்ணீரில் இறங்கி நின்றார்கள். அப்போது வயதான மந்திரவாதிகள் இரண்டு பேர் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு மலை ஏறி, எரிகிற வாய்க்குள் குதித்துவிட்டார்களாம். அதைப் பார்த்து மனம் கலங்கிய ஸ்கெல், லாவோவை உள்ளே தள்ளி, மலையையே அவன் தலைமேல் இடித்துவிட்டான். விடிந்து பார்த்தால் பெரிய குழி. அப்புறம் மழை பெய்து நிரம்பியது.

எனக்கு அந்த இரண்டு கிழவர்களை விட்டு மனசு நகரவில்லை, மாப்ளே. சாமிகள் சண்டை போட்டால் சாமிகள்தான் ஜெயிக்க வேண்டும். திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரனை வதைக்கும்போது நாம் மணலில் நின்று வேடிக்கைதானே பார்த்தோம்? இங்கே ஒரு சாமி ஜெயிப்பதற்கு இரண்டு மனுஷர்கள் விழ வேண்டியிருந்தது. அதைச் சொன்னவர்கள் அந்த வெடிப்பைக் கண்டவர்களின் வம்சமாக இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

அப்படி நினைக்கக் காரணமும் இருக்கிறது. ஏரிக்கு வடகிழக்கே ஃபோர்ட் ராக் என்ற குகையில் 1938இல் தோண்டியபோது, மசாமாச் சாம்பலுக்கு அடியில் டஜன் கணக்கில் செருப்புகள் கிடைத்தன. சேஜ் புதரின் பட்டையில் முடைந்தவை. நம் மாசிபத்திரிக்குப் பங்காளிச் செடி அது. 9,000 ஆண்டுக்கு மேல் பழையவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மலை வெடிப்பதற்கு முன்பே அங்கே மனுஷர் நடமாடியிருக்கிறார்கள். வேண்டுமானால் சந்தேகப்படு, அத்தனை தலைமுறை ஒரு கதை தாங்குமா என்று. மகனும் அதைத்தான் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

இந்தக் கதையை லாலெக் என்ற கிளாமத் தலைவர் 1865இல் ஓர் இளம் அமெரிக்கப் படைவீரரிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. முந்தின வருஷம்தான் அமெரிக்க அரசாங்கத்தார் ஒப்பந்தம் போட்டு கிளாமத் மக்களின் நிலத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டார்கள். நிலத்தை வாங்கிக்கொண்டவர்களுக்கே அதன் கதையையும் சொல்ல ஒரு மனுஷனுக்கு எப்படி மனம் வந்தது?

இன்னொன்று. அந்தக் காலத்துக் கிளாமத் ஜனங்களில் சாதாரண ஆள் அந்த ஏரியைப் பார்க்கக் கூடாதாம். நாங்களோ வேலியோரம் வரிசையாக நின்று போன் நீட்டிக்கொண்டிருந்தோம். நானும் எடுத்தேன், மறைப்பானேன். பேத்தி அருகில் இல்லாதபோது ஒரு நுரைக்கல்லையும் பையில் போடப் பார்த்தேன், குதிகால் தேய்க்க நன்றாக இருக்கும் என்று. எங்கிருந்தோ வந்து பிடித்துவிட்டாள். பூங்காவிலிருந்து கல் எடுப்பது குற்றமாம். போட்டுவிட்டேன்.

ஐப்பசியில் ஊர் வருகிறோம். கருப்புக் கண்ணாடியை அதற்குள் கழற்றிவிடாதே. படங்களை இப்போது அனுப்பவில்லை, உன் கண் நன்றாகத் தெளிந்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து காட்டுகிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய அறைத்தோழன்