இருமல் எல்லாம் காசநோய் அல்ல

ஆசிரியருக்கு,

காசிமேடு, தண்டையார்பேட்டை பகுதிகளில் நெடுநாள் பீடி பிடித்தவர் விடாமல் இருமினால், சளிப் பரிசோதனையில் கிருமி தென்படாதபோதும் காசநோய் மாத்திரையிலேயே மாதங்கள் கழிந்துவிடுவதுண்டு. எக்ஸ்ரேயில் காசநோய், நுரையீரல் புற்றுநோய் இரண்டின் நிழலும் ஒன்றுபோலத் தெரிவது இதற்கு ஒரு காரணம். அதற்குள் புற்று முற்றிவிடுகிறது.

அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்ட புகைப்பழக்கக்காரர்களிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட, குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. காசநோய்த் தழும்பு மலிந்த நம் ஊரில் அந்த ஸ்கேனும் தழும்பைப் புற்றுபோலக் காட்டி வீண் பயம் தரக்கூடும் என்பது உண்மைதான். ஆகவே எல்லோருக்கும் வேண்டாம், 50 வயதைக் கடந்து பல்லாண்டு புகைத்தவர்களுக்கு மட்டுமாவது ஸ்டான்லி மருத்துவமனையில் ஆண்டுக்கொருமுறை இதை இலவசமாக எடுக்க அரசு வழிசெய்ய வேண்டும். காலை மீன் ஏலம் முடிந்த நேரமாகப் பார்த்து அழைத்தால், கூலி இழக்காமல் ஆட்களும் வருவார்கள்.

இப்படிக்கு,
வாசகர், ராயபுரம், சென்னை-13.