தோற்றால் நல்லது என்று சொல்லும் ஜயன்ட்ஸ் ரசிகர்களுக்கு

அன்புள்ள நியூயார்க் ஜயன்ட்ஸ் ரசிகர்களே,

2024 டிசம்பர் 29-ஆம் தேதி மெட்லைஃப் மைதானத்தில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் நம் அணி இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸை 45-33 என்று ஜெயித்தது. அதற்கு முன்னால் தொடர்ந்து 10 ஆட்டம் தோற்றிருந்தோம், அந்த சீசனில் சொந்த மைதானத்தில் ஒரு வெற்றிகூட கிடையாது. அன்றைக்கு நம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ட்ரூ லாக் 4 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) எறிந்தார், ஐந்தாவதைத் தானே ஓடி எடுத்தார். முதல் வருட ஆட்டக்காரர் மலிக் நேபர்ஸ் பந்து பிடித்து 171 யார்டு எடுத்தார். இமிர் ஸ்மித்-மார்செட் கிக்காஃபைப் பிடித்து 100 யார்டு ஓடியபோது என் மகன் சோபாவிலிருந்து குதித்துவிட்டான். என் போனில் வந்து விழுந்ததெல்லாம் திட்டு. "இப்பவா ஜெயிக்கணும்?", "முதல் பிக் போச்சு", "இதுக்குக்கூட லாயக்கில்லாத டீம்". தோற்றிருந்தால் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் வாய்ப்பு, அதாவது முதல் பிக், நமக்குக் கிடைத்திருக்கும் என்பதுதான் அவர்கள் கோபம். எழுதியவர்கள் எல்லாரும் வருடக்கணக்காக என்னோடு இந்த அணியைப் பார்க்கிறவர்கள், நல்லவர்கள். அதனால்தான் சும்மா இருக்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

உங்கள் கணக்கு புரியாமல் இல்லை. நம் லீக்கான என்.எஃப்.எல். டிராஃப்டில் 32 அணிகள், 7 சுற்று, கடைசியில் முடித்த அணி முதலில் எடுக்கும், கூடைப்பந்தில் இருப்பது போல லாட்டரி எதுவும் இங்கே இல்லை. கோல்ட்ஸிடமும் தோற்றிருந்தால் 2-15 (2 வெற்றி, 15 தோல்வி) என்று முடித்து முதல் ஆளை நாம்தான் எடுத்திருப்போம். ஜெயித்ததால் 3-14. டென்னஸி, கிளீவ்லாண்ட், நாம் மூன்று பேரும் சமம், அப்புறம் யார் மோதிய அணிகளின் வெற்றி விகிதம் குறைவு என்று பார்த்து டென்னஸிக்கு முதல் இடம் போனது, நமக்கு மூன்றாவது. அவர்கள் குவார்ட்டர்பேக் கேம் வார்டை எடுத்தார்கள். நாம் அப்துல் கார்ட்டரை எடுத்தோம், குவார்ட்டர்பேக் ஜாக்சன் டார்ட்டுக்காக இன்னொரு பேரம் பேசி 25-ஆவது இடத்துக்கு ஏற வேண்டியிருந்தது. சரி, இந்த ஒரு வெற்றிக்கு விலை இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் 2021 ஜனவரி 3-ஆம் தேதி ராத்திரியை மறந்துவிட்டீர்களா?

அன்று மதியம் நாம் டல்லஸை 23-19 என்று ஜெயித்து 6-10 என்று நின்றோம். ராத்திரி ஆட்டத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ் வாஷிங்டனை ஜெயித்துவிட்டால் பிரிவுப் பட்டம் நமக்கு, பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் நடக்கும் நாக்அவுட் சுற்று) நமக்கு. நான்காம் குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது ஈகிள்ஸ் 17-14 என்று 3 புள்ளிதான் பின்தங்கியிருந்தது. அந்த நேரத்தில் ஈகிள்ஸ் பயிற்சியாளர் டக் பீடர்சன் தன் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை வெளியே உட்கார வைத்துவிட்டு நேட் சட்ஃபெல்டை இறக்கினார். ஒரு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்து எதிரணி கைக்குப் போவது), ஒரு ஃபம்பிள் (பந்து கையிலிருந்து நழுவுவது), 20-14 என்று தோல்வி, வாஷிங்டன் பிளேஆஃபுக்குப் போனது. நம் ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். நாம் அதைவிட அதிகமாகக் கொதித்தோம். அன்று ஈகிள்ஸைப் பற்றி நாம் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, இன்றும் அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் திரும்பப் பெற மாட்டேன். அதே காரியத்தை நம் அணி கோல்ட்ஸ் ஆட்டத்தில் செய்திருக்க வேண்டும் என்று எப்படி ஆசைப்பட முடிகிறது? கோல்ட்ஸுக்கு அந்த ஆட்டம் பிளேஆஃப் வாய்ப்பைத் தீர்மானிக்கும் ஆட்டம், தோற்றதும் அந்த வாய்ப்பு முடிந்துபோனது. நாம் விட்டுக்கொடுத்திருந்தால் அவர்களோடு போட்டியில் இருந்த அணிகள் நம்மை என்ன சொல்லியிருக்கும்?

நேர்மையாகப் பேச வேண்டுமென்றால் மீதிக் கதையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது என் வாதத்துக்கு வசதியாக இல்லை. அந்தத் தோல்வியால் ஈகிள்ஸுக்கு 6-ஆவது பிக் கிடைத்தது. அதை மயாமிக்குக் கொடுத்து 12-ஆவது பிக்கும் அடுத்த வருட முதல் சுற்று பிக்கும் வாங்கினார்கள். பிறகு டல்லஸோடு பேசி 12-இலிருந்து 10-க்கு ஏறி, 11-ஆவதாகக் காத்திருந்த நம் மூக்குக்கு முன்னாலேயே டிவான்டா ஸ்மித்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாம் 20-க்கு இறங்கி கடேரியஸ் டோனியை எடுத்தோம், அதைப் பற்றி மேலே பேச எனக்கு மனம் வரவில்லை. 2025 பிப்ரவரி சூப்பர் பௌலில் (லீக்கின் இறுதி ஆட்டம்) 46 யார்டு டச்டவுன் பிடித்தவர் அந்த ஸ்மித்தான்.

சரி, அப்போது தோற்றது லாபம்தானே என்று கேட்பீர்கள். அந்தப் பந்தை எறிந்தது யார்? ஜேலன் ஹர்ட்ஸ், அன்று ராத்திரி உட்கார வைக்கப்பட்ட அதே ஹர்ட்ஸ், 2020-இல் 53-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அந்த சீசன் முழுக்க பந்தைச் சுமந்து 2,005 யார்டு ஓடியது யார்? சேக்வான் பார்க்லி. நாம் 2017-இல் 3-13 என்று மண்ணைக் கவ்வி, அதற்குக் கூலியாகக் கிடைத்த 2-ஆவது பிக்கில் எடுத்த ஆள். ஆறு வருடம் நம்மோடு இருந்தார். அவருக்கு முன்னால் வழி திறக்கக்கூடிய ஒரு தடுப்பு வரிசையை நாம் கட்டிக் கொடுக்கவில்லை, அவர் போன ஈகிள்ஸில் அது இருந்தது. டிராஃப்டில் மேலே எடுத்த ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாத அணிக்கு 2-ஆவதுக்குப் பதில் முதல் பிக் கிடைத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

தோற்றதால்தான் கிடைத்தார் என்று நம் பழைய குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்கைச் சொல்வீர்கள் என்று தெரியும். 2003-இல் கடைசி 8 ஆட்டமும் தோற்று 4-12 என்று முடித்தோம், உண்மை. ஆனால் நம்மிடம் இருந்தது 4-ஆவது பிக். ஈலையை முதலில் எடுத்தது சான் டியேகோ, நாம் எடுத்த பிலிப் ரிவர்ஸோடு அடுத்த வருட முதல் சுற்று பிக்கையும் சேர்த்துக் கொடுத்துத்தான் அவரை வாங்கினோம். வேண்டும் என்று தீர்மானித்த ஆளை வாங்க நிர்வாகம் துணிந்தது, அதில் தோல்வியின் பங்கு கொஞ்சம்தான். அவர் ஜெயித்த இரண்டு சூப்பர் பௌலிலும் எதிரே நின்ற குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 199-ஆவதாக எடுக்கப்பட்டவர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணிக்கு நடந்தது இன்னும் தெளிவான கதை. 2023 ஜனவரி 8, சீசனின் கடைசி ஆட்டம், எதிரே அதே கோல்ட்ஸ். தோற்றால் முதல் பிக் உறுதி. ஒரு நிமிடம்கூட மீதி இல்லாதபோது கடைசி முயற்சியான நான்காவதில் 20 யார்டு வேண்டும். டேவிஸ் மில்ஸ் எறிந்த பந்தை ஜோர்டன் ஏகின்ஸ் பிடித்தார், டச்டவுன், அதோடு நிற்காமல் இரண்டு புள்ளிக்கும் போய் 32-31 என்று ஜெயித்தார்கள். அன்று ராத்திரியே பயிற்சியாளர் லவி ஸ்மித்தை நீக்கிவிட்டார்கள். முதல் பிக் சிகாகோவுக்குப் போய், அங்கிருந்து பெரிய விலைக்கு கரோலினாவுக்குப் போனது. கரோலினா பிரைஸ் யங்கை எடுத்தது, அந்த வருடம் 2-15. இரண்டாவதாக எடுத்த ஹூஸ்டனுக்கு சி.ஜே. ஸ்ட்ரௌட் கிடைத்தார், 3-ஆவது இடத்தையும் விலை கொடுத்து வாங்கி வில் ஆண்டர்சனையும் எடுத்தார்கள், அந்த வருடமே 10-7, பிரிவுப் பட்டம், பிளேஆஃபில் ஒரு வெற்றி. எல்லா வருடமும் இப்படி நடக்காது. ஆனால் ஏப்ரலில் டிராஃப்ட் நடக்கும்போது யார் தேறுவார் என்று பல வருடம் இதே வேலையாக இருப்பவர்களுக்கே தெரியாதபோது, ஜனவரியில் நாம் எதை நம்பி ஒரு ஆட்டத்தைத் தூக்கிக் கொடுக்கச் சொல்கிறோம்?

இன்னொன்று எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் படுகிறது. தோற்கச் சொல்கிறோமே, யாரிடம் சொல்கிறோம்? டிசம்பரில் மோசமான அணிக்கு ஆடுகிறவர்களில் பலர் காயம்பட்டவர்களின் இடத்தில் வந்தவர்கள், பயிற்சிக் குழுவிலிருந்து மேலே ஏற்றப்பட்டவர்கள். அவர்களுக்கு அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பதே அந்த நாலு ஆட்டத்தின் வீடியோவில்தான் இருக்கிறது. வரப்போகிற முதல் பிக் அவர்களில் ஒருவருடைய இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். தன் இடத்தை எடுக்கப்போகிறவனுக்காக முழங்காலையும் தலையையும் பணயம் வைத்து ஆடுகிற ஒருவன், கூடவே தோற்கவும் வேண்டும் என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த சீசன் முடிந்த பிறகு ட்ரூ லாக் நம்மிடம் இருக்கவில்லை, சியாட்டில் அவரை எடுத்துக்கொண்டது.

நிர்வாகம் காயத்தோடு இருப்பவர்களுக்கு ஓய்வு கொடுக்கட்டும், இளைஞர்களை ஆடவிட்டுப் பார்க்கட்டும், அதில் தோற்றாலும் எனக்குக் குறையே இல்லை. 3 புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் நிற்கும்போது நல்ல குவார்ட்டர்பேக்கை எடுத்து உட்கார வைப்பதும், அதற்கு நாம் கைதட்டுவதும்தான் வேண்டாம் என்கிறேன்.

நான் டிசம்பர் ஆட்டங்களுக்கு மகனோடு மெட்லைஃப் வருவதை நிறுத்தப்போவதில்லை. நம் அணி 3-11 என்று நின்றாலும் வருவோம், நான்காம் குவார்ட்டரில் முன்னால் இருந்தால் எழுந்து நின்று கத்துவோம். பக்கத்து இருக்கையில் நீங்கள் இருந்தால் கூடக் கத்துங்கள். அது முடியாது என்றால் சும்மாவாவது உட்கார்ந்திருங்கள், டச்டவுன் எடுத்த நம் ஆளையே பார்த்து 'பூ' (boo) என்று மட்டும் கேலியாகக் கத்தாதீர்கள்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு ஜயன்ட்ஸ் ரசிகன்