கொழும்பு வடக்கையும் இலகு ரயில் பாதையில் சேர்க்கக் கோரும் மனு

போக்குவரத்துத் திட்டமிடலுக்குப் பொறுப்பான மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

ஐயா,

கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, முகத்துவாரம், மட்டக்குளி ஆகிய பகுதிகளில் வசிக்கும் நாங்கள், இதே விடயம் பற்றி முன்னர் அனுப்பிய மனுக்களுக்குப் பதில் கிடைக்காத நிலையில், தங்கள் மேலான கவனத்துக்கு மீண்டும் தாழ்மையுடன் எழுதுகிறோம். காலை வேளையில் ஆமர் வீதிச் சந்தி எப்படியிருக்கும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

1. மாலபேயிலிருந்து கோட்டை வரை, 16 நிலையங்களுடன் ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளத்தில் அமையவிருந்த இலகு ரயில் பாதைக்கு 2019 மார்ச்சில் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 2020 செப்டெம்பரில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. கோட்டைக்கு வடக்கே வாழும் எங்களுக்கு அந்தப் பாதையில் இடமே இருக்கவில்லை.

2. எங்களை மிகவும் வாட்டுவது மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்லும் பயணமே. நோயாளி இங்கிருந்து பஸ்ஸில் புறக்கோட்டைக்கு வந்து, நெரிசலுக்குள் நடந்து, 138 ஆம் இலக்க பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். முழங்கால் உயரப் படியில் ஒரு காலை வைத்து மறு காலைத் தூக்குமுன்பே பஸ் நகர்ந்துவிடுகிறது. மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும் தாய்மார் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வாந்தி எடுக்கும் பையையும் பிடித்தபடி நின்றுகொண்டே வருகிறார்கள். ஆசனம் கேட்டால், "ஆட்டோவில் போகலாமே" என்கிறார்கள். ஒவ்வொரு கிளினிக் நாளுக்கும் ஆட்டோவுக்குக் கொடுக்கப் பணம் எங்கே இருக்கிறது, ஐயா?

3. நாம் கேட்பது ஆடம்பரமல்ல. மட்டக்குளியிலிருந்து கொட்டாஞ்சேனை ஊடாக மருதானை வரை ஒரு கிளைப் பாதை வேண்டும். அது, நுகேகொடை, மகரகம வழியாகச் செல்லும் களனிவெளி ரயிலுடன் ஒரே கூரையின் கீழ் சந்திக்க வேண்டும். நடைமேடையும் பெட்டியின் தளமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் லிஃப்ட் இருக்க வேண்டும். களனிவெளிப் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்ட பின்பும், பழைய ஒடுங்கிய பாதையின் வளைவுகள் அப்படியே இருப்பதால் ரயில் வேகமெடுக்க முடிவதில்லை. அவ்வளைவுகளையும் திருத்த வேண்டும். நிலையத்தை மட்டும் கட்டிவிட்டு, நோயாளியை வெயிலில் தெருவைக் கடக்க விட்டால் அத்தனை செலவும் வீண்.

4. எங்கள் வீதிகள் ஒடுங்கியவை, தூண் நட இடமில்லை என்பதுதான் தடையா? சென்னையில் 2015 இல் மெட்ரோ ஓடத் தொடங்கியது. துறைமுகத்தை ஒட்டிய நெருக்கமான வட சென்னைக்கும் 2021 இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை பாதையை நீட்டினார்கள். தண்டையார்ப்பேட்டை வரை சுரங்கத்திலும், அதற்கப்பால் தூண்களின் மேலும் கொண்டுபோனார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? முடியாதென்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள். மௌனத்தை நாங்கள் எத்தனை காலத்துக்குப் பதிலாக ஏற்றுக்கொள்வது?

5. அதுவரை, கிளினிக் நாட்களிலாவது மட்டக்குளியிலிருந்து மகரகமவுக்குத் தாழ்தளப் பஸ் ஒன்றை நேரடியாக விடுங்கள்.

ஐயா, இலகு ரயில் வரைபடம் அடுத்த முறை தங்கள் மேசைக்கு வரும்போது கோட்டைக்கு வடக்கேயும் ஒரு கோடு வரையப்பட வேண்டும் என்று மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம். பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
கொழும்பு வடக்கு வதிவாளர்கள்