ஏலத்தில் ஏறிய விலை யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்க ஓவியர்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்ற தொனியில் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஏல விலைகள். அந்தப் பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை.

கானாவின் அமோவாகோ போவாஃபோவையே எடுத்துக்கொள்வோம். 2020 பிப்ரவரியில் லண்டன் ஃபிலிப்ஸ் ஏலத்தில் அவருடைய ஓவியம் ஒன்று 30,000 முதல் 50,000 பவுண்டு வரை போகும் என்று எதிர்பார்த்தார்கள். 6,75,000 பவுண்டுக்குப் போனது. விற்றவர் போவாஃபோ இல்லை, முன்பே வாங்கி வைத்திருந்த ஒரு சேகரிப்பாளர். ஏறிய விலையில் பெரும்பகுதி அவருக்கு, கமிஷன் ஏலக் கம்பெனிக்கு. வரைந்தவருக்குப் பேர் கிடைத்தது, உண்மைதான். ஆனால் இதை 'ஆப்பிரிக்கக் கலையின் எழுச்சி' என்று எழுதுவது கொஞ்சம் அதிகம்.

விலைப் பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது காங்கோவின் லுசாங்கா என்ற ஊர். 1911-இல், காங்கோவை அப்போது ஆண்ட பெல்ஜிய அரசு அந்தப் பகுதியின் பனையெண்ணெய்க் காடுகளை லீவர் கம்பெனிக்குக் கொடுத்தது. ஊர்ப் பெயரே லீவர்வில் ஆயிற்று. நம் வீடுகளில் துணி துவைத்த சன்லைட் சோப்பும் அந்தக் கம்பெனியுடையதுதான். அங்கே பனங்குலை வெட்ட ஆட்களை அடித்து இழுத்து வந்தார்கள். 1931-இல் அந்தப் பகுதியின் பெண்டே இன மக்கள் கிளர்ந்து எழுந்தபோது மாக்சிமிலியன் பலோ என்ற பெல்ஜிய அதிகாரி கொல்லப்பட்டார். பதிலுக்கு நூற்றுக்கணக்கான பெண்டேக்களைக் கொன்றார்கள். இறந்த அதிகாரியின் ஆவி தங்களைத் தொந்தரவு செய்யாமல் அடங்கிக் கிடக்க வேண்டும் என்று பெண்டேக்கள் மரத்தில் அவருடைய உருவத்தைச் செதுக்கினார்கள். அது 1972-இல் ஓர் அமெரிக்கருக்கு விலைபோய், இப்போது அமெரிக்காவின் வர்ஜீனியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லீவர் கம்பெனிதான் பின்னாளில் யுனிலீவர். 2000 முதல் 2012 வரை லண்டன் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தின் பிரம்மாண்ட டர்பைன் கூடத்தில் ஆண்டுதோறும் ஒரு கலைஞருக்கு இடம் தந்த வரிசைக்கு 'யுனிலீவர் வரிசை' என்றே பெயர். தோட்டத்தில் சேர்ந்த செல்வம் கலைப் புரவலராக லண்டனில் உட்கார்ந்திருந்தது. லுசாங்காவில் மிஞ்சியது சத்தெல்லாம் உறிஞ்சப்பட்ட மண்.

அந்த ஊர்த் தோட்டத் தொழிலாளர்கள் 2014-இல் சேர்ந்து ஒரு கலைக் குழு தொடங்கினார்கள். களிமண்ணில் சிற்பம் செய்வார்கள். அதைக் கணினியில் அளவெடுத்து ஆம்ஸ்டர்டாமில் சாக்லேட்டில் வார்ப்பார்கள். 2017-இல் நியூயார்க்கில் காட்சி வைத்தார்கள். விற்ற காசில் பழைய தோட்ட நிலத்தைத் திரும்ப வாங்கி, உணவுப் பயிரும் மரமும் வைக்கிறார்கள். இதுவரை சுமார் 200 ஹெக்டேர். ஏலத்தில் எத்தனை கோடிக்குப் போனாலும் எனக்கு இதைவிடப் பெரிய செய்தியாகத் தெரியவில்லை.

ஆனால் இதிலும் ஒரு நெருடல் உண்டு. குழுவுக்கு வெளியுலகக் கதவைத் திறந்துவிட்டவர் ரென்சோ மார்ட்டென்ஸ் என்ற டச்சுக் கலைஞர். வெனிஸ் பியனாலே என்பது இத்தாலியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நாடுகள் தனித்தனி அரங்கு வைத்து நடக்கும் கலைக் காட்சி. 2024-இல் அங்கே குழுவினர் காட்சி வைத்ததும் நெதர்லாந்தின் அரங்கில்தான். அப்படி ஒரு ஐரோப்பியர் நடுவில் நின்றால்தான் கதவு திறக்கும் என்றால் அது மார்ட்டென்ஸுக்குப் பெருமை, கலை உலகத்துக்குத் தலைகுனிவு. பலோவின் உருவத்தை அதே சமயம் வர்ஜீனியா அருங்காட்சியகத்தார் லுசாங்காவுக்கு அனுப்பினார்கள், இரவலாக. பியனாலே முடியும் வரைதான். நம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தார். அது திருட்டு என்று காட்ட முடிந்தது. காசு கொடுத்து வாங்கியதாகச் சொல்லப்படும் பொருளுக்கு அந்த வழி இல்லை. அடக்குமுறைக்குள் கிடந்த ஊரில் பிறந்த ஒரு பொருளை, பின்னால் யாரோ ரசீது போட்டு வாங்கியதால் கணக்கு தீர்ந்துவிடுமா?

வெனிஸைப் பற்றி இன்னும் ஒன்று. 2013-இல் கென்யாவின் அரங்கில் பெரும்பாலும் இத்தாலியர்களும் சீனர்களுமே இருந்தார்கள். 2015-இலும் அதையே செய்யப் போக, நைரோபி ஓவியர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் கென்ய அரசு கைகழுவியது. 1895-இல் தொடங்கிய அந்தப் பியனாலேயின் கலைக் காட்சிக்கு ஆப்பிரிக்காவில் பிறந்த ஒருவர், நைஜீரியாவின் ஒக்வுய் என்வேஸோர், பொறுப்பேற்க 2015 வரை ஆனது. 2026-க்குத் தேர்வான கேமரூனில் பிறந்த கோயோ குவோ, காட்சி திறக்கும் முன்பே 2025 மே மாதம் காலமானார்.

கானாவின் இப்ராஹிம் மஹாமா தன் படைப்புகளை விற்ற பணத்தில் தமாலே ஊரில் கலைக்கூடங்கள் கட்டி, ஓய்வுபெற்ற விமானங்களைப் பிள்ளைகளுக்கு வகுப்பறையாக்கியிருக்கிறார். அவரைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். இனி ஏல விலை போடும்போது, விற்றவர் யார், எந்த ஊர்க்காரர் என்பதையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள்; மீதியை வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்