'வெரி' என்றால் 'மிக' மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆங்கிலப் பகுதியில் 'வெரி' என்ற சொல்லுக்கு 'மிக' என்று ஒரே பொருள் கொடுத்து முடித்திருந்தீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். அதனால் இந்தத் திருத்தம் அவசியம்.

அச்சொல்லின் முதற்பொருள் 'மெய்யான' என்பது. லத்தீனில் 'வேருஸ்' என்றால் மெய். பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. 'வெர்டிக்ட்' (தீர்ப்பு), 'வெரிஃபை' (மெய்யா என்று சரிபார்) எல்லாம் அதன் பங்காளிகள். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கேன்டர்பரி கதைகளில் ஒரு வீரனை 'வெர்ரை, பர்ஃபிட் ஜென்டில் நைட்' என்கிறார் ('வெர்ரை' என்பது 'வெரி'யின் பழைய வடிவம்). 'மிகவும் குறையற்றவன்' என்று அதைப் படிப்பது பிழை. 'மெய்யான வீரன், குறையற்றவன்' என்பதே அங்கே பொருள். 'மெய்யாகவே நல்லவன்' என்று அழுத்திச் சொல்லிச் சொல்லித்தான் 15ஆம் நூற்றாண்டில் 'மிக' என்ற பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் ஆங்கிலேயர் மிகுதிக்குச் சொன்ன 'ஸ்வித்', வலிமையைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. நம் 'ரொம்ப'வும் 'நிரம்ப'விலிருந்து வந்ததுதானே!

பழைய பொருள் அடியோடு போய்விடவில்லை. 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில், கண் மங்கிய ஈசாக்கு, மூத்த மகன் ஏசாவைப் போல நடித்து வரும் இளைய மகன் யாக்கோபைத் தடவிப் பார்க்கும் இடத்தில் 'மை வெரி சன் ஏசா' என்று வருகிறது. 'மிக மகன்' என்று எழுத முடியுமா? தமிழில் அந்த வேலையைச் செய்வது 'தான்': நீ என் மகன் ஏசாதானா? இப்படிப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'வெரி' வந்தால் 'தான்', 'அதே' அல்லது ஏகாரம் போட்டுப் பாருங்கள். 'தட் வெரி டே' என்றால் அன்றே, அதே நாளில்.

'மிக' பொருந்துவது 'குட்', 'ஹாட்', 'ஸ்லோலி' போன்ற சொற்களுக்கு முன்னால்தான். வினையோடு நேரே ஒட்டாது. 'ஐ வெரி லைக் இட்' தவறு; 'ஐ லைக் இட் வெரி மச்' சரி. 'வெரி பெட்டர்' தவறு, 'மச் பெட்டர்' சரி. ஆனால் 'த வெரி பெஸ்ட்' சரிதான்.

'டூ' (too) என்பதையும் 'மிக' என்ற பொருளில் சேர்த்திருக்கிறீர்கள். அதை நீக்கிவிடுங்கள். காபி 'வெரி ஹாட்' என்றால் நல்ல சூடு. 'டூ ஹாட்' என்றால் வாயில் வைக்க முடியாது, ஆற்ற வேண்டும்.

அடுத்த இதழில், பெயர்ச்சொல் முன் வரும் 'வெரி'க்கு இரண்டு வாக்கியங்களாவது சேர்த்துத் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்